பாலக் கணக்கும் மாளிகை வரைபடமும்: யார்க் நகரத்து ஜான் கார்

1807 பிப்ரவரி 22 அன்று யார்க் நகருக்கு அருகே ஆஸ்கம் ரிச்சர்ட் என்ற சிற்றூரில் கட்டடக்கலைஞர் ஜான் கார் இறந்தபோது அவருக்கு வயது 83. விட்டுச்சென்ற சொத்து ஏறத்தாழ 1,50,000 பவுண்டு. கொத்தனாரின் நாள்கூலி சில ஷில்லிங் அளவில் இருந்த காலம் அது. இருபது ஷில்லிங் சேர்ந்தால்தான் ஒரு பவுண்டு. காரும் கொத்தனார் குடும்பத்துப் பிள்ளைதான். இத்தாலிக்குப் போய்ப் பழைய ரோமானியக் கட்டடங்களை அளந்து பார்த்தவர் அல்லர். லண்டனில் அலுவலகம் வைத்தவரும் அல்லர். ஆனாலும் பதினெட்டாம் நூற்றாண்டின் பின்பாதியில் வட இங்கிலாந்தில் மாளிகை, மருத்துவமனை, நீதிமன்றம், பாலம் என எதைக் கட்டுவதானாலும் முதலில் இவர் பெயர்தான் வரும்.

கட்டடக்கலை வரலாறு எழுதுபவர்கள் இந்த வெற்றிக்குச் சொல்லும் காரணம் பெரும்பாலும் அவருடைய ரசனைதான். பழைய ரோமானியக் கட்டடங்களைப் பின்பற்றிய இத்தாலியர் பல்லாடியோவின் பாணியைச் சுத்தமாகக் கற்றார், பிறகு அக்காலத்துப் பெயர்பெற்ற கட்டடக்கலைஞர் ராபர்ட் ஆடமின் மென்மையான அலங்காரத்தையும் சேர்த்துக்கொண்டார் என்பார்கள். அது உண்மை. ஆனால் அது பாதிதான். மீதிப் பாதி பாலங்களில் இருக்கிறது. கார் நெடுங்காலம் மாவட்டப் பாலங்களைப் பார்த்து மதிப்பிடும் கணக்கீட்டாளராக இருந்தார். மாவட்டப் பாலங்களுக்குப் பணம் ஒதுக்கிய நீதிபதிகள் எல்லோரும் அந்தப் பகுதியின் நிலக்கிழார்கள். கார் கொடுத்த மதிப்பீடு சரியாக இருந்ததா, சொன்ன தொகைக்குள் வேலை முடிந்ததா, வெள்ளம் வந்தபின் பாலம் நின்றதா என்று வரி செலுத்துபவர்கள் சார்பில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். தங்களுக்கு வீடு கட்ட வேண்டியபோது யாரை அழைத்திருப்பார்கள்?

குவாரி ஓரத்தில் கற்றது

கார் பிறந்தது 1723இல், வேக்ஃபீல்டுக்கு அருகே ஹார்பரி என்ற ஊரில். தந்தை ராபர்ட் கார் தலைமைக் கொத்தனார். சொந்தமாகக் கல்குவாரி வைத்திருந்தவர். மகன் பயின்றது அவரிடமே.

குவாரியில் வளர்ந்தவனுக்கு முதலில் தெரியவேண்டியது கல்லின் படுகை. ஹார்பரி வட்டாரத்து மணற்கல், அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய கல். பூமிக்குள் எந்த வாக்கில் கிடந்ததோ அதே வாக்கில் சுவரில் வைக்க வேண்டும். அடுக்குகள் வெளிமுகத்துக்கு இணையாக நிற்கும்படி செங்குத்தாக வைத்தால் மழை உள்ளே இறங்கும், உறைபனி அதை விரிக்கும், சில பத்தாண்டுகளில் கல்லின் முகம் ஏடு ஏடாக உரிந்து விழும். எல்லா இடத்திலும் இதே விதி செல்லாது. சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கார்னிஸில் கல்லைக் கிடையாக வைத்தால் அடியிலுள்ள அடுக்கு தொங்கி உதிரும். அங்கே அடுக்குகள் பக்கத்துக் கல்லைப் பார்த்து நிற்க வேண்டும். வளைவிலோ, அழுத்தம் வரும் திசைக்குக் குறுக்காகப் படுகை அமைய வேண்டும். ஒரே கட்டடத்தில் ஒரே குவாரிக் கல்லுக்கு மூன்று விதமான வாக்கு. வெட்டும்போதே கல்லில் குறி போடாவிட்டால், பொளிந்து முடித்தபின் எது எந்த வாக்கு என்று பழகிய கண்ணுக்கும் பிடிபடாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. யார்க் நகரத்து மரபான கல், டாட்காஸ்டர் பக்கத்தில் எடுக்கும் வெளிறிய மக்னீசியச் சுண்ணாம்புக்கல். அதை மணற்கல்லுக்கு மேலே வைத்தால் மழைநீர் சுண்ணாம்பின் உப்புகளைக் கரைத்துக் கீழே இறக்கும். அந்த உப்பு மணற்கல்லுக்குள் படிகமாகி அதைப் பொடிக்கும். இரண்டும் தனித்தனியே நல்ல கல், சேர்த்தால் கேடு.

புதிதாக வெட்டிய கல்லில் குவாரி ஈரம் இருக்கும். அந்த நிலையில் உளி எளிதாக இறங்கும் என்பதால் நுணுக்க வேலையை அப்போதே முடிப்பார்கள். ஆனால் ஈரம் உலராமல் சுவரில் ஏற்றி அது குளிர்காலத்தில் மாட்டிக்கொண்டால் கல் வெடிக்கும். ஆகவே கட்டும் பருவம் ஏறக்குறைய மார்ச் முதல் அக்டோபர் வரைதான். அதற்குப்பின் பாதியில் நிற்கும் சுவர்களின் தலையை வைக்கோலும் சாணமும் போட்டு மூடிவிடுவார்கள். கொத்தனார்கள் கொட்டகைக்குள் அடுத்த ஆண்டுக்கான கல்லைப் பொளிவார்கள்.

கார் பெயர் தெரியத் தொடங்கியது 1740களின் இறுதியில். ஊஸ்பர்ன் அருகே கிர்பி ஹால் என்ற வீட்டை ராஜர் மாரிஸும் பர்லிங்டன் பிரபுவும் வடிவமைத்தார்கள், கட்டிக்கொடுத்தவர் இவர். பர்லிங்டன்தான் இங்கிலாந்தில் பல்லாடியோ பாணியை நிலைநிறுத்தியவர். பிறர் வரைந்ததைக் கட்டுவது சிறிய வேலை என்று இன்று தோன்றலாம். உண்மையில் அதைவிட நல்ல பள்ளி கிடையாது. கட்டடக்கலைஞர் தரும் சிறிய படத்திலிருந்து ஒவ்வொரு விளிம்பு வளைவையும் முழு அளவில் வரைந்து, மெல்லிய பலகையிலோ தகட்டிலோ வெட்டி எடுக்க வேண்டும். கொத்தனார் அந்த அச்சைக் கல்லின் இரு முனையிலும் வைத்துக் கோடு கீறி, இரண்டுக்கும் இடையே நேராகப் பொளிந்து வருவார். அச்சில் ஒரு கோடு பிசகினால் அறுபது அடி கார்னிஸ் முழுவதும் பிசகும். எந்த விகிதம் கண்ணுக்கு நன்றாக இருக்கிறது, அதற்கு எத்தனை கல், எத்தனை ஆள், எத்தனை நாள் என்பதெல்லாம் ஒரே கையில் சேரும் இடம் இதுதான்.

1748இல் ஹத்வெயிட் ஹால் என்ற சிறு வீட்டைத் தானே வடிவமைத்தார். 1754இல் யார்க் குதிரைப் பந்தயத் திடலுக்குப் பார்வையாளர் மண்டபம் வேண்டும் என்று போட்டி வைத்தார்கள். ஏற்கனவே பெயர்பெற்ற ஜேம்ஸ் பெய்ன் உள்ளிட்டோரைத் தாண்டிக் காரின் படம் தேர்வானது. கீழே வளைவு வரிசை, மேலே உப்பரிகையுடன் பெரிய அறை, அதற்கும் மேலே நின்று பார்க்கத் தட்டையான கூரை. பணம் ஆளுக்கு ஐந்து கினி (ஒரு கினி ஒரு பவுண்டுக்குச் சற்று அதிகம்) சந்தாவாகச் சேர்ந்தது. சந்தா கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியல்தான் அடுத்த இருபது ஆண்டுகளுக்குக் காரின் வாடிக்கையாளர் வட்டம் என்றே சொல்லலாம். பந்தயம் பார்க்க வந்த யார்க்‌ஷயர் பிரபுக்கள் எல்லோரும் நின்றதே அவர் கட்டிய மண்டபத்தில்தான். மண்டபத்தின் கீழ்ப்பகுதி மட்டும் அதே திடலில் இன்னும் இருக்கிறது.

பாலங்கள்

1531ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேறு யாரும் பொறுப்பு என்று நிரூபிக்க முடியாத பாலங்களை மாவட்டமே பராமரிக்க வேண்டும். பாலத்தோடு இரு பக்கமும் 300 அடிச் சாலையும் அதில் சேரும். யார்க்‌ஷயர் பெரியது என்பதால் நார்த், ஈஸ்ட், வெஸ்ட் என மூன்று ரைடிங்குகளாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொன்றிலும் நீதிபதிகள் ஆண்டுக்கு நான்கு முறை கூடுவார்கள். பாலம் பழுது என்று புகார் வரும். கணக்கீட்டாளர் நேரில் போய்ப் பார்த்து மதிப்பீடு தருவார். ஒப்பந்தம் எடுக்கும் கொத்தனார் பிணைப் பத்திரம் எழுதிக்கொடுப்பார். கட்டி முடித்தபின்னும் ஏழு ஆண்டு அவரே பராமரிக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை.

தந்தை ராபர்ட் கார் வெஸ்ட் ரைடிங்கின் பாலக் கணக்கீட்டாளர். அவரும் ஜான் வாட்சனும் சேர்ந்து 1752இல் அந்தப் பகுதிப் பாலங்களை அளந்து ஏடாகத் தொகுத்தார்கள். 1760களில் அந்தப் பொறுப்பு மகனிடம் வந்தது. 1772இலிருந்து 1803 வரை நார்த் ரைடிங்கும் அவரிடமே இருந்தது.

1772 என்ற ஆண்டு தற்செயல் அல்ல. 1771 நவம்பர் நடுவில் பெய்த பேய்மழையில் டைன், டீஸ், ஸ்வேல் ஆறுகள் கரை புரண்டன. நியூகாசிலின் பழைய டைன் பாலம் இடிந்தது. டைன் ஆற்றில் கார்பிரிட்ஜ் பாலம் தவிர ஏறக்குறைய எல்லாம் போயின. தெற்கே நார்த் ரைடிங்கிலும் பாலம் பாலமாகத் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது.

வெள்ளத்தில் பாலம் எப்படி விழுகிறது என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். தண்ணீர் வளைவைத் தள்ளி வீழ்த்துவது அரிது. தூண்கள் ஆற்றின் அகலத்தைக் குறைக்கின்றன. குறுகிய வழியில் நீர் வேகமெடுக்கிறது. அந்த வேகம் தூணின் அடியிலுள்ள சரளையை அரித்து எடுக்கிறது. தூண் சற்றே இறங்கியதும் வளைவின் கற்கள் பிரிகின்றன. ஒரு வளைவு போனால் அது கொடுத்த எதிர் அழுத்தம் இல்லாமல் அடுத்ததும் சாய்கிறது. இதற்குப் பெரிய பெயரும் தப்பவில்லை. லீட்ஸ் அருகே பிறந்து, எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்தைக் கட்டிப் புகழடைந்த ஜான் ஸ்மீட்டன், ஹெக்சமில் டைன் மேல் கட்டிய பாலம் 1782 மார்ச் மாத வெள்ளத்தில் வீழ்ந்தது. கட்டி முடிந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. கல்வேலையில் குறை இல்லை. கீழே இருந்த சரளைப் படுகை போய்விட்டது.

ஆகவே பாலத்துக்கான பணத்தில் கணிசமான பங்கு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் போய்ச் சேரும். கோடையில் நீர் தாழும் சில மாதங்கள்தான் அஸ்திவாரத்துக்கு வாய்ப்பு. தூண் வரும் இடத்தைச் சுற்றி இரண்டு வரிசை மரமுளை அடித்து, இடையே களிமண்ணை மிதித்து நிரப்பித் தற்காலிக அணை போடுவார்கள். உள்ளே நீரை இறைத்துவிட்டுப் பாறை வரும்வரை தோண்டுவார்கள். பாறை கிடைக்காவிட்டால் மரமுளை இறக்கி, மேலே கனத்த மரச்சட்டம் பரப்பி அதன்மேல் கல் அடுக்குவார்கள். மரம் எப்போதும் நீருக்குள்ளேயே இருந்தால் நூற்றாண்டுகள் தாங்கும்; ஆற்று மட்டம் இறங்கிக் காற்றுப் பட்டால் மக்கும். தூண்களுக்கு இடையே ஆற்றுப் படுகையில் கல் பாவுவதும் அரிப்பைத் தடுக்கத்தான். பாவிய கல்லின் கீழ்விளிம்பில் தடுப்பு முளை இல்லாவிட்டால் அரிப்பு அங்கே தொடங்கிப் பின்னோக்கி ஏறிவரும்.

சாந்து இன்னொரு வினா. வெறும் சுண்ணாம்பு காற்றுப் பட்டால்தான் இறுகும். நீருக்கடியில் ஆண்டுக்கணக்கில் பிசைந்த மாவாகவே கிடக்கும். களிமண் கலந்த சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு எடுத்த சுண்ணாம்புதான் தண்ணீரிலும் இறுகும் என்று ஸ்மீட்டன் 1756 வாக்கில் சோதித்துக் கண்டிருந்தார். அதற்கு முன்பிருந்தே எரிமலைத் தூளை ஹாலந்து வழியாக வரவழைத்துக் கலப்பார்கள். விலை அதிகம் என்பதால் நீர்மட்டம் வரைக்கும் மட்டும்.

வளைவுக்கு வருவோம். இடைக்காலப் பாலங்களில் கூர்வளைவோ அரைவட்டமோ இருக்கும். தூண்கள் தடிமனாக, நெருக்கமாக நிற்கும். நடுவில் சாலை கூன்போலத் தூக்கும். அஞ்சல் வண்டியும் சரக்கு வண்டியும் பெருகிய காலத்துக்கு அது ஒத்துவராது. கார் அதிகம் கையாண்டது வட்டத்தின் ஒரு துண்டாக அமையும் தாழ்ந்த வளைவு. நீர்வழி அகலம் கூடும், சாலை ஏற்றம் குறையும். விலை என்னவென்றால் பக்கவாட்டு உந்தல் அதிகரிக்கும். இரு கரையிலும் வளைவைத் தாங்கும் சுவர் அதற்கேற்பக் கனமாக வேண்டும். ரோக்பி அருகே 1773இல் அவர் கட்டிய கிரேட்டா பாலம் இதற்கு நல்ல சான்று. பழைய பாலம் 1771 வெள்ளத்தில் போன இடத்தில், ஆற்றில் தூணே இல்லாமல் ஒரே வளைவாகத் தாண்டினார். அரிப்பதற்குத் தூண் இல்லாவிட்டால் அரிப்பும் இல்லை. ஓவியர் ஜான் செல் காட்மன் 1805 வாக்கில் தீட்டிய நீர்வண்ண ஓவியத்தால் இந்தப் பாலம் பலருக்கும் தெரியும்.

வளைவுக் கல்லை அடுக்க மரத்தில் சென்டரிங் அடிப்பார்கள். இரு பக்கமும் சம வேகத்தில் ஏற வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் சென்டரிங்கே சாயும். முடிகல்லை இறக்கியபின் ஆப்புகளை ஒரேயடியாகத் தட்டிவிடாமல், சில நாள் இடைவெளியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். சாந்து பச்சையாக இருக்கும்போதே எடுத்துவிட்டால் நடுப்பகுதி இறங்கும். வளைவின் தோளில் அளவுக்கு மேல் மண் நிரப்பினால் நேர்மாறான கேடு: தோள் அமுங்கி உச்சி மேலே கிளம்பும். வேல்ஸில் வில்லியம் எட்வர்ட்ஸ் என்ற நாட்டுப்புறக் கொத்தனார் பான்டிபிரித்தில் 140 அடி வளைவு கட்டும்போது இதுதான் நடந்தது. கடைசியில் ஒவ்வொரு தோளிலும் ஒன்பது, ஆறு, மூன்று அடி விட்டத்தில் மூன்று உருளைத் துளைகள் விட்டுப் பாரத்தைக் குறைத்து, 1756இல் நிலைநிறுத்தினார். அந்தப் பாலம் இன்றும் நிற்கிறது. இவரைப் போன்றவர்களைக் கணக்கில் எடுக்காமல் ஜார்ஜ் மன்னர்கள் ஆண்ட ஜார்ஜிய காலக் கட்டடக்கலையை எழுதுவது நியாயமே அல்ல.

காரின் பாலப் பணியில் பெரும்பங்கு புதுப் பாலம் அல்ல, பழையதை அகலப்படுத்துவது. கேட்டரிக் பாலம் 1420களில் கட்டியது; 1792இல் அவர் அகலப்படுத்தினார். பழைய வளைவை ஒட்டிப் புதிய வளைவைச் சேர்க்கும்போது ஆபத்து இணைப்பில் இருக்கிறது. பழைய வேலை முந்நூறு ஆண்டுகளில் இறங்கவேண்டிய அளவு இறங்கிவிட்டது. புதியது இனிமேல்தான் இறங்கும். இரண்டையும் இறுகப் பிணைத்தால் பாலத்தின் நீளவாக்கில் விரிசல் ஓடும், அதன் வழியே நீர் இறங்கும். இத்தகைய பாலங்களின் அடியில் நின்று பார்த்தால் விலா எலும்பு போன்ற பழைய வளைவுகளும் வழவழப்பான புதிய பகுதியும் தையல் தெரிய அடுத்தடுத்து நிற்கும்.

மாளிகைகள்

இப்போது ஹேர்வுட். எட்வின் லாசெல்ஸ் தன் நிலத்தில் பெரிய மாளிகை கட்ட நினைத்து லண்டன் கட்டடக்கலைஞர் வில்லியம் சேம்பர்ஸிடம் படம் கேட்டார், பிடிக்கவில்லை. குதிரை லாயத்தை ஏற்கனவே கட்டிக்கொடுத்திருந்த காரிடம் வேலை வந்தது. 1759இல் அடிக்கல், 1771இல் குடிபுகுந்தார்கள். ராபர்ட் ஆடம் வரைபடத்தில் சில மாற்றங்கள் செய்து, உள் அலங்காரம் முழுவதையும் ஏற்றார். இதனால் ஹேர்வுட் என்றால் ஆடம் என்றே சுற்றுலாக் கையேடுகள் பேசும். சுவரும் கூரையும் பன்னிரண்டு ஆண்டு மேற்பார்வையும் காருடையவை. செலவுக்கான பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்: லாசெல்ஸ் குடும்பத்தின் செல்வம் பார்படோஸ் சர்க்கரையிலும் அடிமை வணிகத்திலும் விளைந்தது.

அவருடைய இன்னொரு வாடிக்கையாளர் நமக்கு இன்னும் அருகில் வருகிறார். பெர்க்‌ஷயரிலுள்ள பாசில்டன் பார்க் மாளிகையை 1776இல் கார் தொடங்கியது ஃபிரான்சிஸ் சைக்ஸுக்காக. கிழக்கிந்தியக் கம்பெனியில் சேர்ந்து வங்காளத்தில் முர்ஷிதாபாத் அரசவைக்குக் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்து பெரும் பொருள் சேர்த்துத் திரும்பியவர். இத்தகையவர்களை இங்கிலாந்தில் நவாப் என்றே அழைத்தார்கள். சைக்ஸ் யார்க்‌ஷயர்க்காரர் என்பதால்தான் தெற்கே தேம்ஸ் கரையில் கட்டிய வீட்டுக்கும் வடக்கிலிருந்து ஆள் அழைத்தார். வங்காளத்து வரிப்பணம் எங்கே போனது என்று கேட்பவர்களுக்குக் காட்டக்கூடிய கட்டடங்களில் இது ஒன்று.

வீட்டு வேலையில் எது கெடும்? முகத்தில் மெல்லிய இணைப்புடன் பொளிகல், உள்ளே ஒழுங்கற்ற கல்லால் நிரப்பு. முகத்தில் சாந்து நூலளவு; நிரப்பில் விரற்கடை. தடித்த சாந்து உலர்ந்து சுருங்கும்போது நிரப்பு இறங்கும், முகம் இறங்காது. பாரமெல்லாம் முகத்தின்மேல் விழுந்து அது வெளியே உப்பும். சுவரை ஊடுருவும் நீள்கற்களை முறையான இடைவெளியில் வைத்தால்தான் இரண்டும் சேர்ந்து நிற்கும். நீள்கல் விலை அதிகம், வைக்காவிட்டால் உடனே தெரியாது. ஏமாற்ற நினைக்கும் ஒப்பந்தக்காரர் கைவைக்கும் முதல் இடம் அது. தானே கொத்தனாராக இருந்த ஒருவரை இதில் ஏமாற்றுவது கடினம்.

காரின் கையெழுத்து என்று நான் எடுத்துக்காட்டுவது படிக்கட்டுகளை. கான்ஸ்டபிள் பர்ட்டன், பாசில்டன் போன்ற வீடுகளின் நடுவே, கூரை வழியே வெளிச்சம் இறங்கும் கூடத்தில், தாங்குதூண் எதுவும் இல்லாமல் கல்படிகள் சுவரிலிருந்து நீண்டு ஏறும். ஒவ்வொரு படியும் சுவருக்குள் நான்கு முதல் ஒன்பது அங்குலம்தான் போகிறது. அந்தப் பிடி மட்டும் படியைத் தாங்காது. ஒவ்வொரு படியின் முன்விளிம்பும் கீழ்ப்படியின் பின்விளிம்பில் வெட்டிய காடியில் அமர்கிறது. சுவர் அது சுழன்றுவிடாமல் மட்டும் பிடித்துக்கொள்கிறது. பாரம் படிப்படியாக இறங்கித் தரைக்குப் போகிறது. ஆகவே முதல் படி அசையாமல் இருக்க வேண்டும். சுவர்த் துளையில் கல் சில்லு வைத்து நன்றாக இறுக்க வேண்டும். மேல் தளமேடை அமர்ந்து சாந்து இறுகும்வரை முட்டுகளை எடுக்கக் கூடாது. பின்னாளில் யாராவது மின்கம்பி ஓட்டச் சுவரில் படிகளை ஒட்டிக் காடி வெட்டினால்தான் இவை விரிகின்றன.

உள் வேலைக்கு அவரிடம் நிலையான குழு இருந்தது. யார்க்கில் ஃபேர்ஃபாக்ஸ் ஹவுஸ் உள்ளே சுதை வேலை ஜோசப் கோர்ட்டீஸ், மரச்செதுக்கு டேனியல் ஷில்லிட்டோ, இரும்புக் கைப்பிடி லீட்ஸைச் சேர்ந்த மாரிஸ் டோபின். ஒரு வீடு முடிந்ததும் இன்னொன்றுக்குக் கைவினைஞர்களை அழைத்துப் போவதால் விளக்கிச் சொல்ல வேண்டியது குறைந்தது, தரமும் நிலைத்தது.

கூலி மூன்று விதம்: நாள்கூலி, அளவுக்கூலி, மொத்த ஒப்பந்தம். நாள்கூலியில் வேலை இழுக்கும். மொத்த ஒப்பந்தத்தில் தரம் குறையும். அளவுக்கூலிதான் நடுவழி, ஆனால் அளப்பவருக்கு வேலை தெரிய வேண்டும். தொடக்கத்தில் தானே ஒப்பந்தம் எடுத்த கார், பிறகு படமும் மேற்பார்வையும் என்று விலகி நின்றார்.

நகரமும் அதற்கு அப்பாலும்

1757இல் யார்க் நகரின் உரிமைக் குடிமகன் ஆனார். 1770இலும் 1785இலும் மேயர். இரு முறை பிரதமரான ராக்கிங்கம் பிரபுவின் அரசியல் வட்டத்தில் இருந்தார். அவருக்காக வென்ட்வொர்த் வுட்ஹவுஸில் பெரிய லாயமும், இறந்தபின் நினைவு மண்டபமும் கட்டினார். யார்க்கில் நீதிமன்றம், பெண்கள் சிறை, மனநோயாளர் இல்லம், லீட்ஸில் மருத்துவமனை, நியூவார்க்கில் நகர மண்டபம் எல்லாம் இந்தக் காலத்தவை.

பக்ஸ்டனில் டெவன்ஷயர் பிரபுவுக்காக 1780களில் கட்டிய கிரெசன்ட் என்ற பிறைவடிவக் கட்டடம் கல்வேலையாகவே சவால். முகப்பு பிறைவடிவம் என்றால் ஒவ்வொரு முகக்கல்லும் வளைவுக்கேற்பப் பொளிய வேண்டும், உள்ளே அறைகள் ஆப்பு வடிவமாகும், தள உத்திரங்கள் ஒவ்வொன்றும் வேறு நீளம். பின்னால் அவர் கட்டிய லாயத்தின் வட்ட முற்றத்துக்கு மேல் 1881இல் ஏறத்தாழ 44 மீட்டர் விட்டமுள்ள குவிமாடம் ஏற்றினார்கள். பழுதாகி மூடிக்கிடந்த கிரெசன்ட் 2020இல் மீண்டும் விடுதியாகத் திறந்தது.

அவருடைய மிகப்பெரிய கட்டடத்தை அவர் பார்த்ததே இல்லை. போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில் சாந்தோ அந்தோனியோ மருத்துவமனைக்கு 1769இல் படம் அனுப்பினார். அங்கிருந்த பிரிட்டிஷ் துணைத் தூதர் ஜான் வைட்ஹெட் வழியாக வந்த வாய்ப்பு. நடுவே தேவாலயத்துடன் நான்கு பக்கமும் மூடிய பிரம்மாண்டத் திட்டம். உள்ளூர்க் கருங்கல்லில் வேலை பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் நீண்டு, முழுமையடையாமல் நின்றது. கட்டிய பகுதி இன்றும் மருத்துவமனையாக இயங்குகிறது.

பிறந்த ஹார்பரிக்கு 1790இலிருந்து 1794க்குள் தன் சொந்தச் செலவில், ஏறத்தாழ 8,000 பவுண்டில், ஒரு தேவாலயம் கட்டிக்கொடுத்தார். அவரை அடக்கம் செய்ததும் அங்கேதான். பிள்ளைகள் இல்லை. தொழில், உதவியாளராக இருந்த பீட்டர் அட்கின்சனிடம் போனது. யார்க்கின் நடுவே ஊஸ் ஆற்றில் 1810க்கும் 1820க்கும் இடையே எழுந்த புதிய பாலத்தை வடிவமைத்தவர் அந்த அட்கின்சனின் மகன்.